இரண்டு முறை



கதிரவெளியில் மருத்துவம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். மருத்துவம் பேச டொக்டர்மார் இருக்கிறார்கள். நான் மருந்து கொடுத்த ஆள். இந்தக் கரையோரத்தில் நாலு ஆசுபத்திரிகளில் இருபத்தேழு வருடம், ஒரு முழ அகலச் சன்னலுக்குப் பின்னால் நின்றவன். எந்த ஆசுபத்திரியில் எது நடந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே யாராவது மறித்துக் கேட்பீர்கள்.

அந்தச் சன்னலுக்குக் கம்பி இருக்கும். கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. குனிந்து பார்த்தால் விறாந்தை முழுக்கத் தெரியும். டொக்டருக்கு ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைத்தான் தெரியும். எனக்கு எல்லோரையும் தெரியும். யார் எப்போது வந்தார், யார் யாருக்கு இடம் விட்டார், யார் விடுகிறமாதிரி அசைந்துவிட்டு விடாமலே இருந்தார், எல்லாம். எனவே இன்றைக்கு வருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. வருத்தத்தோடு காத்திருப்பதைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு சொல்லில் தொடங்குகிறேன். முறை.

"என்ட முறை எப்ப வரும்?" என்று விறாந்தையில் கேட்கிறோம். அதே வாங்கில் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, "அவர் உங்களுக்கு என்ன முறை?" என்றும் கேட்கிறோம். ஒன்று வரிசை, மற்றது உறவு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். மட்டக்களப்பில் இது வெறும் சொல் ஒற்றுமையும் இல்லை. நம்முடைய கோயில்களில் இன்ன குடிக்கு இன்ன நாள் திருவிழா என்று முறை இருக்கிறது. அந்தக் குடி தாய்வழியால் வருவது. முதல் நாள் உபயம் செய்கிற குடி முதலில் வந்ததால் முதல் நாளை எடுக்கவில்லை. இன்னார் வயிற்றில் பிறந்ததால் எடுக்கிறது. அதாவது, ஆர் உறவு என்பதைக் கொண்டே ஆர் முந்தி என்பதைத் தீர்த்துப் பழகிய சனம் நாங்கள். அப்படிப்பட்ட சனத்தின் கையில் காலை ஏழு மணிக்கு ஒரு நம்பர் துண்டைக் கொடுத்து, "உன் முறை பதினெட்டு" என்று சொன்னால் என்ன நடக்கும்? இருபத்தேழு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தத் துண்டு நமக்கு எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நாட்டு வைத்தியம் பார்த்த பரிசாரிமார் காலத்தில் துண்டு இல்லை. பரிசாரி வீட்டுத் திண்ணைதான் விறாந்தை. வெற்றிலையோடு போனவர் உறவானால் உள்ளே, அந்நியரானால் முற்றத்தில். 1931இல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்கள் ஆசுபத்திரி கட்டித்தராமல் முகம் காட்ட முடியாது என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆசுபத்திரியோடு துண்டும் வந்தது. இன்றைக்கும் அரச ஆசுபத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. காசு கேட்காத இடத்தில் காசுக்காரன் முந்துவதற்குக் காரணம் இல்லை. அப்படியானால் வேறு எதைக் கொண்டு முந்துவது? அங்கேதான் விசயம் சுவையாகிறது.

கதிரவெளிக்காரருக்குக் காத்திருப்பு ஆசுபத்திரி வாசலில் தொடங்குவதில்லை. மட்டக்களப்புப் பெரியாசுபத்திரி இங்கேயிருந்து எழுபது கிலோமீற்றருக்குக் குறையாத தூரம். வெருகல் ஆற்றுக்குப் பாலம் வருமுன் அந்தப் பக்கத்துச் சனம் பாதைப் படகுக்காகத் துறையில் நின்றது. கட்டுமுறிவுப் பக்கமிருந்து வருகிறவர் முதலில் பெருந்தெருவுக்கு வந்து சேரவேண்டும். ஆகவே கிளினிக் நாளில் முதல் நம்பர் எடுத்தவர் ஆசுபத்திரிக்கு அடுத்த வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்று நினைக்கவேண்டாம். அநேகமாக மிகத் தூரத்திலிருந்து வந்த கிழவிதான் முதல் நம்பர். அடுத்த வீட்டுக்காரர் பத்து மணிக்குப் பல் துலக்கிவிட்டு வருவார். அவருக்குத்தான் எல்லோரையும் தெரியும்.

வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பலகையிலும் எழுதியிராத சட்டங்கள் இவை.

காய்ச்சல்காரரைத் தவிர எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்து வருவார்கள். டொக்டர் தொட்டுப் பார்ப்பார் அல்லவா. கடலுக்குப் போகிறவர் கடற்கரையில் வெறும் மேலோடு நிற்பார். ஆசுபத்திரிக்குப் பெட்டியில் மடித்து வைத்த சேட்டைப் போட்டு வருவார், மடிப்பு மாறாமல். டொக்டர் விறாந்தையால் நடந்தால், மடித்துக் கட்டின சாரன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்து கீழே விழும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. டொக்டர் தன் பிள்ளை வயதுப் பொடியனாக இருந்தாலும் விழும். அவர் அறைக்குள் போனதும் திரும்ப மடிபடும். காற்றடித்து வயல் சாய்ந்து நிமிருகிற மாதிரி இருக்கும்.

முந்தி இடம் பிடிப்பதற்குப் போத்தல் இருந்தது. இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்த நாளில் தண்ணி மருந்து வாங்க வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவர வேண்டும். சன்னலுக்குக் கீழே கட்டின்மேல் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஆட்கள் மரநிழலில் இருப்பார்கள். போத்தல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் இன்னொருவரின் போத்தலைத் தள்ளி வைத்ததை நான் கண்டதில்லை. வீட்டில் வெறும் போத்தல் எங்கேயிருந்து வரும்? பாதிக்கு மேல் சாராயப் போத்தல். லேபலை நகத்தால் சுரண்டியிருப்பார்கள், ஆனால் அது முழுக்கப் போகாது. அதை நீட்டும்போது பெண்கள் சுரண்டின பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்து நீட்டுவார்கள். நான் பார்க்காதது மாதிரி வாங்கி ஊற்றிக் கொடுப்பேன். இன்னார் வீட்டில் குடி கூடிவிட்டது என்பது டொக்டருக்கு முதல் எனக்குத் தெரியும். சன்னலுக்கு வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்கும் பெயர் சொல்லமாட்டேன், பயப்படாமல் இருங்கள்.

போத்தல் போய்க் கொப்பி வந்தது. சீனி வருத்தம், பிறசர் என்று மாதாமாதம் வருகிறவர்களுக்குக் கிளினிக் கொப்பி. வந்தவுடன் மேசையில் வைக்கவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். முதலில் வந்தவரின் கொப்பி அடியில், கடைசியாக வந்தவரின் கொப்பி மேலே. அடுக்கை அப்படியே எடுத்து மேலிருந்து கூப்பிட்டால் காலை ஐந்தரைக்கு வந்தவருக்குப் பன்னிரண்டு மணி. எடுக்கிறவர் அடுக்கை ஒரு தரம் கவிழ்த்துவிட்டால் எல்லாம் சரி. அந்த ஒரு கவிழ்ப்புக்காக விறாந்தை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் கவிழ்த்தால் ஒரு பெருமூச்சு. கவிழ்க்காவிட்டால்?

நான் ஓய்வு பெற்ற பிறகு நோயாளியாகவே ஒரு இடத்துக்குப் போனேன். என் கொப்பி அடியில். எடுக்க வந்தவர் அடுக்கைக் கவிழ்க்காமல் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, இருபத்தேழு வருடம் உள்ளே நின்ற நானும் திறக்கவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பக்கத்தில் இருந்த மனிதர் மெல்ல, "சரி, இண்டைக்கு அப்பிடித்தான்" என்றார். அந்த வசனத்தை நான் உள்ளே நின்ற காலத்தில் கேட்டதே இல்லை. சன்னலுக்கு அந்தப் பக்கத்தில் மட்டும் கேட்கிற வசனம் அது.

ஏன் வாய் திறக்கவில்லை? இதை ஒரு அமெரிக்கர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஸ்டான்லி மில்கிறாம் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் நியூயோர்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆளை இடையில் நுழையவிட்டார்கள். 1986இல் முடிவு வெளிவந்தது. ஒருவர் நுழைந்தால் பாதிக்குச் சற்று மேற்பட்ட வரிசைகளில்தான் யாராவது ஆட்சேபித்தார்கள். நுழைந்தவருக்குப் பின்னால் இவர்களுடைய ஆட்களையே இரண்டு பேரை நிறுத்தி, அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னபோது ஆட்சேபம் இருபதில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அதாவது, கேட்கவேண்டிய உரிமை அடுத்து நிற்கிறவருக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் கேட்காவிட்டால் மற்றவருக்கு வாய் இல்லை. நியூயோர்க்கில் அடுத்து நிற்கிறவர் முன்பின் தெரியாதவர். இங்கே அடுத்து நிற்கிறவர் நுழைந்தவரின் சகலனாக இருப்பார். அவர் எப்படிக் கேட்பார்?

ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர், பொது இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் ஒருகணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வதை ஒரு மரியாதையாக எழுதினார். நான் உன்னைக் கண்டேன், ஆனால் உன் விசயத்தில் தலையிடமாட்டேன் என்று அதற்குப் பொருள். அந்த மரியாதையை நம்முடைய விறாந்தையில் காட்டிப் பாருங்கள். "முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தா, என்ன கோவமோ" என்று பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே மரியாதை என்றால் கேட்பது. ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் நுட்பம்.

முதல் கேள்வி "ஆருக்கு?" என்பது. "என்ன வருத்தம்?" என்று நேரே கேட்கக் கூடாது. யாருக்கு என்று கேட்டால் வந்தவர் விரும்பிய அளவுக்குச் சொல்லலாம். "எனக்குத்தான், ஒள்ளுப்பம் தலைச்சுத்து" என்றால் அதோடு நிற்கவேண்டும். தலைச்சுத்துக்கு மாதம் ஒருமுறை பெரியாசுபத்திரிக்கு எழுதிக் கொடுக்கமாட்டார்கள் என்று கேட்டவருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியை "முழுகாமல் இருக்கிறா" என்போம். புற்றுநோய்க்குப் பெயரே இல்லை, "அந்த வருத்தம்". கொப்பளிப்பான் வந்தால் "அம்மாள் வந்திருக்கிறா". அது விறாந்தைக்கு வராது, வேப்பிலையோடு வீட்டில் இருக்கும், கண்ணகை அம்மன் கோபிப்பா என்பதற்காக மட்டுமில்லை, வாங்கில் இருக்கிற மற்றவர்களுக்காகவும்தான். நம்முடைய ஆட்கள் அம்மாளின் பெயரால் செய்த தனிமைப்படுத்தலை 2020இல் கொரோனாவுக்காகச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நாடா கட்டிச் செய்தார். கதிரைக்குக் கதிரை விட்டு இருக்கச் சொன்னார்கள். அதை மட்டும் யாராலும் சரியாகச் செய்ய முடியவில்லை. பக்கத்தில் இருக்கிற மாமியை விட்டு ஒரு கதிரை தள்ளி இருப்பதற்கு வருத்தத்தைவிடப் பெரிய காரணம் வேண்டும்.

இன்னொரு சட்டத்தைச் சொல்லவேண்டும், இது மிகக் கடினமானது. தமிழ் தெரியாத டொக்டர் வந்த காலங்களில் சிற்றூழியர் ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்ப்பார். அவர் இந்த ஊர்க்காரர். உள்ளே போகிறவரின் மகளைச் சிற்றூழியரின் தம்பிக்குக் கேட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கில் கோளாறு. இனி அதை அவர் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொல்லவேண்டும். நான் கண்ட ஒரு சிற்றூழியர் அந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த நுளம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்ப்பார். முழு விசயமும் முடியும்வரை நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். வெளியே வந்தால் ஒன்றும் தெரியாத ஆள். கொஃப்மன் சொன்ன மரியாதையை நம்முடைய ஊரில் செய்து காட்டியவர் அவர் ஒருவர்தான்.

இனி முந்துவதற்கு வருகிறேன். எல்லா முந்துதலும் குற்றம் இல்லை. பாம்பு கடித்தவர் வந்தால் விறாந்தை இரண்டாகப் பிளந்து வழிவிடும். வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற தாயிடம் நம்பர் கேட்கிற ஆளை நான் கண்டதில்லை. வந்த ஒழுங்கையும் ஆளின் தரத்தையும் விட்டு, காயத்தின் கடுமையைப் பார்த்து எடுக்கவேண்டும் என்பதைப் போர்க்களத்தில் நடைமுறையாக்கியவர் நெப்போலியன் படையின் சத்திரசிகிச்சையாளர் டொமினிக் ஜான் லாரே. இன்றைக்கு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நிறம் குறித்துப் பிரிப்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. இதை ஒரு மூன்றாவது முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதை இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து விளக்கவேண்டியதில்லை. 2006 நவம்பர் 8ஆம் திகதி, இதே கதிரவெளியில், விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த சனத்தின்மேல் எறிகணைகள் விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காயக்காரரை வாகரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயிருந்து வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும். அந்த நாளில் துண்டு கொடுத்தவர் இல்லை. இந்த மண்டபத்தில் அன்றைக்குத் தூக்கியவர்களும் இருக்கிறீர்கள், தூக்கப்பட்டவர்களும் இருக்கிறீர்கள். எனவே அதற்குமேல் நான் பேசப்போவதில்லை.

மற்ற முந்துதலுக்குப் பெயர் பக்கக் கதவு. எல்லா ஆசுபத்திரிக்கும் ஒன்று உண்டு. அதிபர், கிராம சேவகர், பொலிஸ்காரர், ஊழியர் வீட்டு ஆட்கள் அதால் வருவார்கள். வருகிற விதத்திலும் ஒழுங்கு இருக்கிறது. வேகமாக நடக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, கையில் ஒரு கடதாசி இருக்கவேண்டும், ஏதோ அலுவலாக வந்த மாதிரி. வாங்கில் இருப்பவர்களும் அலுவலாக வந்ததாகவே நம்பிக்கொடுப்பார்கள். அந்த நம்பிக்கொடுத்தல் இல்லாவிட்டால் அந்தக் கதவு ஒரு நாள்கூடத் திறந்திருக்க முடியாது.

இந்தக் கதவு வேண்டாத வரிசை எப்படியிருக்கும் என்று அறிய, 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். கிலோமீற்றர் கணக்கில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டோம். பழைய போத்தல் வரிசைதான் அது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. அட்டைக்கு மாமி மச்சாள் தெரியாது. சனத்துக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது, எனக்கும் இருந்தது. பக்கக் கதவைத் திறந்துவிட்ட கை இது என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆம், அதையும் சொல்லவேண்டும். என் மனைவி பக்கத்தில் எனக்கு மாமி முறையான ஒருத்தி. மாதம் ஒருமுறை பிறசர் குளிசைக்கு வருவா. வரிசைக்குப் போகமாட்டா. நேரே பக்கக் கதவால் வந்து கொப்பியை நீட்டி, "மனே, பஸ் போயிரும்" என்பா. அவவுடைய வீடு ஆசுபத்திரிக்கு அடுத்த ஒழுங்கையில். பஸ் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கமுடியாது, மாமி முறை. முதலில் அவவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சன்னலைத் திறப்பேன்.

ஒரு நாள் சன்னலைத் திறந்தபோது ஓட்டைக்கு நேரே ஒரு கிழவி. காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து இருட்டோடு நடந்து, முதல் பஸ் பிடித்து வருகிற ஆள். சத்தமாகப் பேசுகிறவ இல்லை. விறாந்தையின் கடைசித் தூணில் சாய்ந்து நிலத்தில்தான் இருப்பா, வாங்கு காலியாக இருந்தாலும். அன்றைக்குத் துண்டை ஓட்டைக்குள்ளால் நீட்டி, கையை எடுக்காமல் சொன்னா:

"ஐயா, அவ உங்களுக்கு மாமி முறை. நான் உங்களுக்கு ஒரு முறையும் இல்ல. எனக்கிட்ட இந்தத் துண்டு மட்டுந்தான் இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கணக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா. பின்னால் நின்ற ஒருவரும் அவவுக்காகப் பேசவில்லை, எனக்காகவும் பேசவில்லை. நான் துண்டை வாங்கினேன். ஒன்று என்று போட்டிருந்தது.

அடுத்த மாதம் மாமி பக்கக் கதவால் வந்தபோது, வரிசையில் வாங்க மாமி என்றேன். கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவ இரண்டு வருடம் எங்களுடைய வாசல் மிதிக்கவில்லை. என் மகளின் சாமத்தியச் சடங்குக்கும் வரவில்லை. மாமி செய்யவேண்டிய முறைகளை வேறொருவரைக் கொண்டு செய்யவேண்டி வந்தது. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா, அவ பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கிழவிக்கு இதொன்றும் தெரியாது. தெரிந்திருந்தால், ஒரு துண்டுக்காக இவ்வளவா என்று கேட்டிருப்பாவோ என்னவோ. நான் அதற்குப் பிறகு முழுக்கத் திருந்தினேன் என்றும் சொல்லமாட்டேன். வேறு இடத்தில் வேறு மச்சான்மாருக்குக் கதவு திறந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தரமும் சன்னலின் ஓட்டையால் ஒருக்கால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. விறாந்தைக்கு வந்த சனம் போகும்போது கவனித்திருப்பீர்கள். நாங்கள் எங்கேயிருந்து வெளிக்கிட்டாலும் "போயிட்டு வாறன்" என்போம். செத்த வீட்டில் சொல்லமாட்டோம். ஆசுபத்திரியிலும் சொல்லமாட்டோம். மருந்துப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, டொக்டரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். திரும்பி வரவேண்டி வரக்கூடாது என்பதால். இருபத்தேழு வருடம் அப்படித் தலையசைத்துப் போன சனத்தைப் பார்த்தே பழகிப்போய், வேலையால் போகும்போது நானும் ஒருவருக்கும் "வாறன்" சொன்னதில்லை.

இது ஆசுபத்திரி இல்லைத்தானே. நான் போயிட்டு வாறன்.